ஜீப்புக்கு வைத்த இட்லி

சாப்பாடு முதலில் யாருக்கு, பிள்ளைக்கா பஸ்சுக்கா? என் நான்கு வயது மகளின் கேள்வி இது. ஸ்வீடனில் நாங்கள் இருக்கும் ஊரில் அடுக்களைக் கழிவைக் காகிதப் பையில் தனியாகக் கட்டிப் போட வேண்டும். அதிலிருந்து எடுக்கும் வாயுவில்தான் டவுன் பஸ் ஓடுகிறது. இதைப் பெருமையாக மகளுக்குச் சொன்னது நான்தான். அன்றிலிருந்து பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறாள். பஸ்சுக்குப் பசிக்குமாம். எங்கள் பை நிரம்பி வழிவதைக் கண்ட பக்கத்து வீட்டு அம்மாள் என் கையைப் பிடித்துக் குலுக்கிப் பாராட்டினார். எங்கள் சொந்த ஊரான போடியில் இப்படிச் சோறு கொட்டினால் மாமியார் ஒரு வாரம் பேசமாட்டார். பாராட்டா, குத்திக்காட்டலா என்று அன்றெல்லாம் எனக்கு ஒரே யோசனை.

போன விடுமுறைக்குப் போடி வந்தோம். குரங்கணிக்கு மேலே அப்பாவுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. மலையேறும் ஜீப்பின் முன்னால் நின்று மகள் பாதி இட்லியை நீட்டினாள். டிரைவர் அண்ணனிடம் விவரம் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, "இது டீசலைத்தான் குடிக்கும் ஆத்தா. இட்லி டிரைவருக்கு, கொண்டா" என்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

அப்பாவின் கவலை வேறு. கவாத்தில் வெட்டிக் கழித்த ஏலத்தண்டான தட்டையையும் உதிர்ந்த சருகையும் மொத்தமாக வாங்கி எரிபொருள் ஆக்க ஒரு கம்பெனிக்காரர் வந்திருந்தார். ஏலக்காய் விலை ஏறி இறங்கும் மலையில் அது நிச்சயமான வருமானம். கெமிஸ்ட்ரி படித்தவள், குப்பையில் பஸ் ஓடும் ஊர்க்காரி என்று என் வார்த்தைக்காக அவரை நிறுத்தி வைத்திருந்தார் அப்பா. கொடுங்கள், பூமிக்கு நல்லது என்று போனில் நானும் சொல்லியிருந்தேன், எவ்வளவு என்பதை நேரில் பார்த்துச் சொல்வதாக. நேரில் சருகை விலக்கினால் அடியில் மண் ஈரமாக இருந்தது. சருகை விற்றுவிட்ட பக்கத்துத் தோட்டத்தில் மண் வெடித்துக் கிடந்தது. அள்ளிப்போகும் ஜீப்பும் டீசலில் ஏறி டீசலில்தான் இறங்குகிறது. ஆனால் வண்டிகளுக்கு எரிபொருள் எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும், மக்கப்போகிற தட்டையில் எடுத்தால் குற்றமா என்றும் தோன்றியது.

அதற்குள் மகள் தயிர்சாதத்தை ஜீப்புக்கென்று மூடி வைத்தாள். "மொதல்ல நீ வயிறாரச் சாப்பிடு. மிச்சந்தான் வண்டிக்கு" என்று அதட்டினேன். அப்பா கவாத்துக் கத்தியைக் கீழே வைத்தார்.

"அதத்தான் ஆத்தா ஒரு மாசமா கேக்குறேன். செடிக்கு எம்புட்டு, மிச்சம் எம்புட்டு?"

கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஸ்வீடன் திரும்பிவிட்டேன். டீக்கு அவர் கொடுத்தனுப்பிய ஏலக்காயை உரித்து, தோலோடு நிற்கிறேன். பாதியைப் பஸ் பையிலும் பாதியைப் பால்கனித் தொட்டி மண்ணிலும் போடுகிறேன். மலையில் ஏலச்செடி போட்டிருப்பவர்களே, என்னைப் போல இங்கே பை கட்டுபவர்களே, சருகில் எவ்வளவு கொடுக்கலாம், எவ்வளவு விட வேண்டும்? எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிடுவார். மகளைச் சாப்பிட வைக்க வழி தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.