அணைய வேண்டிய பூச்சட்டி

"பெயர்: சோ. பாலம்மாள். வயது: 43. பணி: கூலி. பிரிவு: திறன் பெறாதவர்."

ஏழாயிரம்பண்ணையை அடுத்த ஒரு பட்டாசு ஆலையின் பதிவேடு இரண்டாயிரத்தாறில் அவரை இப்படித்தான் விவரித்தது. திறன் பெறாத இந்தப் பெண்மணி பத்தொன்பது வருடங்களாகப் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைத்துவந்தார். தராசை அவர் தொட்டதில்லை. திறன் பெற்றவர்கள் பிரிவில் இருந்த போர்மேன் உக்கிரபாண்டி அவர் அடைத்ததை நிறுத்துப் பார்த்து, சரியாக இருக்கிறதே என்று தினமும் ஆச்சரியப்படுவார்.

ஊரில் அவர் பெயர் என்னவோ 'நமத்த பாலம்மா'. ஐந்து வருடங்களுக்கு முன்பு ஒரு தீபாவளி சீசனில் அவர் அடைத்த நாற்பது பெட்டிப் பூச்சட்டிகள் ஒன்றுகூடப் பூக்காமல் கம்பெனிக்கே திரும்பி வந்தன. காயவைத்த தட்டுகளை மழையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர் உக்கிரபாண்டி. ஆனால் தட்டில் இருக்கும் சீட்டில் அடைத்தவர் எண்தான் இருக்கும், டீ குடித்தவர் எண் இருக்காது. பாலம்மாள் நடந்ததைச் சொல்லிப் பார்த்தார். சீட்டை மீறி அவரை நம்ப ஆளில்லை.

அந்த இரண்டாயிரத்தாறில்தான் சீனிவாசகம் என்ற புது இயக்குநர் படம் எடுக்க வந்தார். தம்பியின் நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கிய அண்ணன், கடைசியில் திருந்தி மீட்சி பெறும் கதை. பாவியாக இருக்கும்போது அண்ணன் கொளுத்தும் பூச்சட்டி ஒரு சாண் எழும்பி அணைய வேண்டும். திருந்திய பிறகு கொளுத்துவது ஆளுயரத்துக்குப் பூக்க வேண்டும். வசனங்களையெல்லாம்விட இந்த இரண்டு பூச்சட்டிகளைத்தான் இயக்குநர் அதிகம் நம்பியிருந்தார்.

ஆலைக்கு வெளியே தரிசுக் காட்டில் படப்பிடிப்பு. பொழுது சாயும் நேரத்துக்குள் ஆலைச் சரக்கிலிருந்து ஒன்பது பூச்சட்டிகளைக் கொளுத்தினார்கள். ஒன்பதும் ஆளுயரத்துக்குப் பூத்தன. தம்பியை ஏமாற்றிய அண்ணன் ஒன்பது தடவையும் பூமழையில் நின்றார். பத்தாவதை உதவி இயக்குநர் வாளித் தண்ணீரில் முக்கியெடுத்தார். அது பற்றவே இல்லை.

"ஒரு சாண் வந்து அணையணும்யா! பத்தாமலே கிடந்தா இவன் பாவமே பண்ணலன்னு ஆயிடும்!" என்று இயக்குநர் தலையில் கைவைத்தார். பிறகு ஆலையில் பூச்சட்டி அடைக்கும் பாலம்மாளை வரச் சொன்னார்.

"அம்மா, பாதியில அணையற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. அது குறியீடு. பூச்சட்டின்னு நினைக்காதீங்க, அவனோட மனசுன்னு நினைச்சுக்கோங்க."

"மனசுன்னா நீங்க செஞ்சுக்கிடுங்க சார். பூச்சட்டின்னா நான் அடைக்கேன். நான் அடைச்சா பூக்கும்."

கூட வேலை பார்க்கும் சுப்புத்தாய் குறுக்கிட்டார். "மதினிட்ட அதை மட்டும் கேக்காதீக சார். ஏற்கெனவே அந்தப் பேரோடதான் கம்பெனி வேன்ல ஏறுறாக. இனி சிவகாசித் தியேட்டர்லயும் நமத்துட்டாகன்னா வீட்டை விட்டு இறங்க முடியுமா?"

உக்கிரபாண்டிக்கு முதலாளியிடம் பயம். "ஏ பாலம்மா, வசவு எனக்குத்தான் விழும். ஒண்ணே ஒண்ணு கெடுத்துக் குடு தாயி."

"கெடுக்கதுக்குத்தான் நீங்க இருக்கீகளே, அண்ணாச்சி. மழை வரட்டும்."

உக்கிரபாண்டி வானத்தைப் பார்த்தார். அது சுத்தமாக இருந்தது.

பிறகு பாலம்மாள் சொன்னார்: "சரி, அடைக்கேன். ஆனா சட்டி மேலயே சீட்டு ஒட்டணும். அதுல அண்ணாச்சி பேரு இருக்கணும், அவுக கையெழுத்துல."

"சினிமாவுக்கு எதுக்கு சீட்டு?" என்று உக்கிரபாண்டி பதறினார். ஆனால் இயக்குநரின் முகம் மலர்ந்துவிட்டது. "இருக்கட்டும் சார்! அவனவன் பாவத்துல அவனவன் பேர் ஒட்டியிருக்கு. இதுவும் குறியீடுதான். குளோசப் வைக்கிறேன்!"

உக்கிரபாண்டி கையெழுத்துப் போட்டார். பாலம்மாள் கீழே வைப்பாற்று மணலையும் மேலே நாலு விரல் அளவு மருந்தையும் வைத்து அடைத்தார். தராசு இல்லை. பூச்சட்டி சரியாக ஒரு சாண் எழுந்தது, மூன்று எண்ணும் நேரம் நின்றது, அணைந்தது. அண்ணனாக நடித்தவர் நிஜமாகவே அழுதார், வீட்டுக்குப் போகலாம் என்ற சந்தோஷத்தில்.

படம் மற்ற ஊர்களில் மூன்று நாள் ஓடியது. சிவகாசியில் இரண்டு வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேன் ஆட்கள் அத்தனை பேரும் போனார்கள். இடைவேளைக்குச் சற்று முன்பு, பத்தடி உயரத் திரையில் சீட்டு தெரிந்தது.

"ஏலே, நம்ம போர்மேன் கையெழுத்துலே!"

பூச்சட்டி அணைந்ததும் தியேட்டரே விசிலடித்தது. இடைவேளை விளக்கு எரிந்தபோது முறுக்கும் கையுமாக உக்கிரபாண்டியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். "அண்ணாச்சி, பாலம்மாவை அம்புட்டு வைவீக, நீங்க அடைச்சதும் நமத்துட்டே!"

உக்கிரபாண்டிக்குப் பொறுக்கவில்லை. "நானா அடைச்சேன்? அடைச்சவ அந்தா உக்காந்திருக்கா! அவ அடைச்சது என்னைக்குலே நமத்திருக்கு? அன்னைக்குத் தட்டை மழையில விட்டது நான்தாம்லே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. சுப்புத்தாய் முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினார். திரையில் அண்ணன் திருந்துவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

திங்கட்கிழமை வேனில் யாரும் அந்தப் பழைய பெயரைச் சொல்லவில்லை. பதிவேட்டை யாரும் திருத்தவுமில்லை.

பாலம்மாள் அந்தப் படத்துக்காக இரண்டு பூச்சட்டிகள் அடைத்தார். ஒன்று சொன்ன இடத்தில் அணைந்தது. இன்னொன்று, திருந்திய அண்ணனுக்கானது, சொன்ன உயரத்துக்குப் பூத்தது.