உயிரோடிருந்தவருக்கு ஒப்பாரி

எழுபதுகளின் நடுவில் உடுப்பிட்டியில் நாங்கள் ஐந்து பேர் ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தோம். நான் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பாட்டெழுதுவதும் ஊர் ஊராய்ப் போய் நாட்டுப்பாடல் சேர்ப்பதும் என் வேலை. எங்கள் முதல் இசைத்தட்டு பைலா ஆட்டத் தாளத்தில் துள்ளியது. கல்யாண வீடு, தேத்தண்ணிக்கடை என்று போகுமிடமெல்லாம் அதுதான் கேட்டது. தலைக்கனம் ஏறிவிட்டது எனக்கு. இரண்டாவதில் வலை இழுக்கிற பாட்டு, தாலாட்டு, அரிவுவெட்டுப் பாட்டு எல்லாவற்றையும் கிற்றாரோடு சேர்த்தோம். ஐந்தாவதாக ஒரு ஒப்பாரி.

நேயர்கள் இரண்டாகப் பிளந்து போனார்கள். பள்ளிக்கூட விலாசத்துக்குக் கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்தன. “இப்போதுதான் எங்கள் மண்ணின் குரலைக் கேட்டோம்” என்று ஒருவர் உருகியிருந்தார். “ஆட விட்டால் ஆடுவம், எங்களை அழ வைக்க நீங்கள் ஆர்?” என்று இன்னொருவர். கொழும்புத்துறையிலிருந்து ஒருவர் இசைத்தட்டை இரண்டாய் உடைத்து, பழைய பேப்பரில் பக்குவமாகச் சுற்றிப் பார்சலில் திருப்பி அனுப்பியிருந்தார். ஆசிரியர் அறையிலும் இதே சண்டைதான். எல்லாம் அந்த ஐந்தாவது பாட்டைப் பற்றியது. கையெழுத்தில்லாத ஒரு கடிதத்தை மட்டும் நான் ஒருவருக்கும் காட்டவில்லை. “ஒப்பாரி வைக்கிற பொம்பிளையின்ரை புருசன் சுகமாய் இருக்கிறானோ?” என்று மட்டும் அதில் இருந்தது. ஒரு மாதிரி இருந்தது. மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன்.

அந்த ஒப்பாரிக் குரல் தொண்டைமானாற்றில் ஒரு கடற்றொழிலாளியின் மனைவியுடையது. அந்த அக்காவின் தகப்பனைக் கடலிலிருந்து பிணமாகக் கொண்டுவந்த அன்று, தாய் அழுத ஒப்பாரி முழுவதும் அவருக்கு மனப்பாடம். அதைப் பாடிக் காட்டும்படி டேப் ரெக்கோடரோடு போய் நின்றேன்.

“சாவு விழாத வீட்டிலை உது பாடக்கூடாது, மாஸ்ரர். என்ரை மனிசன் கடலிலை நிக்கிறார்.”

“ராகத்தைப் பிடிக்கத்தான் அக்கா. எங்கடை பெடியன்தான் பாடுவான். உங்கடை குரல் வெளியிலை வராது.”

மூன்று தரம் போய்க் கேட்டேன். நாலாம் தரம், வீட்டுக்குள் வேண்டாமென்று சொல்லி, ஆளில்லாத மணல்வெளிக்கு நடந்து போய் அங்கே குந்தியிருந்து பாடினார். ‘தொண்டைமானாற்று வாயாலே போன ராசா’ என்று தொடங்கியபோது என் மயிர் கூச்செறிந்தது. முடித்ததும் செத்தவீட்டால் வந்தவர் போலக் கிணற்றடியில் தலைமுழுகினார். எங்கள் கிறிஸ்தவ வீட்டில் சாவுக்கும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் பாடுவோம். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கும்.

எங்கள் கிற்றார்காரன் டேப்பைக் கேட்டுவிட்டு, “உதை எங்களிலை ஒருத்தராலும் பாடேலாது. அப்பிடியே போடுவம்” என்றான். தொண்டைமானாறு பஸ்ஸில் அரை மணித்தியாலம். இசைத்தட்டு வெளிவருமுன் போய் ஒரு சொல் கேட்க எனக்கு இரண்டு மாதம் இருந்தது. நான் போகவில்லை. வேண்டாமென்று சொல்லுவார் என்று தெரிந்தபடியால்தான் போகவில்லை.

கடிதச் சண்டை முற்றியபோது எங்களுக்கு ரோசம் வந்தது. நாடு முழுக்கக் கேட்டால் வாய் மூடுவார்கள் என்று, வானொலியின் நேயர் விருப்பத்துக்கு மாமா, மச்சாள், சித்தி பெயர்களில் நாற்பது அஞ்சலட்டை எழுதிப் போட்டோம். எல்லாம் ஐந்தாவது பாட்டைக் கேட்டு.

அதே கிழமை தொண்டைமானாற்றில் ஒரு கல்யாணம். ஒலிபெருக்கிக்காரர் எங்கள் புது இசைத்தட்டை வாங்கிவந்து, என்ன இருக்கிறதென்று பாராமல் ஓடவிட்டிருக்கிறார். ஐந்தாவது பாட்டு தொடங்கியதும் பெண் வீட்டார் ஓடிவந்து நிறுத்தினார்கள். அதற்குள் ஊர் முழுக்கக் குரலை அடையாளம் கண்டுவிட்டது. கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த அக்காவின் கணவரும் கேட்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுதான் கேட்டாராம்: “ஆருக்கு அழுதனீ?”

அடுத்த நாள் விடிய, அவரோடு எப்போதும் தொழிலுக்குப் போகிறவர்கள் வள்ளத்தில் கை வைக்காமல் நின்றார்கள். கோபம் ஒன்றுமில்லை, பயம். மனைவியே ஒப்பாரி வைத்து அழுதுவிட்ட ஆளோடு ஒரே வள்ளத்தில் எப்படிப் போவது? வள்ளத்துச் சொந்தக்காரரான சம்மாட்டி, “ரண்டு நாள் வீட்டிலை நில்லும்” என்றார். இரண்டு நாள் இரண்டு கிழமையாயிற்று. மற்றச் சம்மாட்டிமாரும் ஏற்றவில்லை. தெருவில் கண்டவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். கணவரோ மனைவியோடு கதைப்பதை விட்டுவிட்டார்.

இதெல்லாம் அந்த அக்கா பள்ளிக்கூடத்துக்கு வந்து, மரத்தடியில் நின்று சொன்னது. ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“இப்ப அவர் முல்லைத்தீவிலை, மாஸ்ரர். அங்கை கடற்கரையிலை வாடிக் கொட்டில் அடிச்சு இருக்கிற ஆக்களோடை சேந்திட்டார். அவையளுக்கு எங்களைத் தெரியாது, வள்ளத்திலை ஏத்துகினம். நேற்றுக் கடிதம் வந்தது. பிள்ளையளை மட்டுமில்லை, என்னையும் சுகம் கேட்டிருக்கிறார்.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “உங்கடை பாட்டு அங்கை போகாதுதானே?”

வானொலியிலிருந்து வந்த கடிதம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. வருகிற ஞாயிறு ஒலிபரப்பு.

“போகாது அக்கா” என்றேன்.

அவர் நம்பினார். நம்பிய முகத்தோடு கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று பின்னேரமே நிறுத்தச் சொல்லி வானொலிக்குத் தந்தி அடித்தேன். சனிக்கிழமையும் அடித்தேன். பதில் வரவில்லை. ஞாயிறு பகல் வானொலிப் பெட்டிக்கு முன்னால் இருந்தேன். வேறு பாட்டைப் போடட்டும், கரண்ட் நிற்கட்டும், இடி விழட்டும் என்று மனதுக்குள் மன்றாடினேன். அறிவிப்பாளர் எங்கள் குழுவின் பெயரைச் சொன்னார். “மாஸ்ரர், உங்கடை பாட்டு!” என்று பக்கத்து வளவிலிருந்து சந்தோஷமாகக் கூப்பிட்டார்கள்.

விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களை அறிவிப்பாளர் வாசிக்கத் தொடங்கினார். என் மாமா. கிற்றார்காரனின் சித்தி. பருத்தித்துறையில் இருக்கும் மச்சாள். நாங்கள் எழுதிய ஒழுங்கிலேயே எல்லாம் வந்தன. கடைசியாக, “முல்லைத்தீவுக் கடற்கரை வாடியிலிருந்து தொழிலாளித் தோழர்கள்” என்றார்.

அந்த அட்டை நாங்கள் எழுதியதல்ல. எந்த வாடியோ, அக்காவின் கணவர் இருக்கிற வாடிதானோ, எனக்குத் தெரியாது. எழுந்து பெட்டியை நிறுத்தவும் என்னால் முடியவில்லை. பெட்டிக்குள் அந்த அக்கா அழத் தொடங்கினார்.