நேரில் பார்த்தவை, பார்க்காதவை

செவ்வாய்க்கிழமை காலை இரண்டாவது பீரியடுக்குக் கிளம்பும்போது ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. நம் கல்லூரி நூலகர் ஆக்னஸ் மேடம் காலமானார். படித்து நிமிர்வதற்குள் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நான் போடவில்லை. கணபதி பகுதியில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். எந்தச் செய்தி வந்தாலும் முதலில் விசாரியுங்கள், பாதி பொய்யாகத்தான் இருக்கும் என்று நம்மைப் பழக்கியவரே அவர்தானே. அன்றைக்கும் பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் கணவர் எடுத்தார். "ஆமாங்க சார். காலைல அஞ்சு மணிக்குப் போயிட்டா" என்றார்.

ஆரம்பத்தில் எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை. ஒருநாள் அவர் எங்கள் பொருளாதாரத் துறைக்கு வந்து, வாரம் ஒரு வகுப்பு ஒதுக்குங்கள், தகவலை எங்கே தேடுவது, எதை நம்புவது என்று பிள்ளைகளுக்கு நாம் சேர்ந்தே நடத்தலாம் என்றார். சிலபஸ் முடிக்கவே நேரமில்லை என்று திருப்பி அனுப்பினேன். புத்தகத்தை அடுக்கினோமா, போனோமா என்று இருக்கக் கூடாதா என்று மனதுக்குள் நினைத்தேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் விசைத்தறித் தொழில் பற்றி ஓர் அசைன்மெண்ட் கொடுத்தேன். நான் தந்த குறிப்பில் ஒரு பழைய ஆய்வறிக்கையின் பெயர் இருந்தது. அதைத் தேடிப் படித்துவிட்டு எழுத வேண்டும். சோமனூரிலிருந்து வரும் கவிதா என்ற மாணவி, அறிக்கை எங்கேயும் கிடைக்கவில்லை என்றாள். அதில் இருப்பதாக நான் எழுதியிருந்ததைத் தன் ஊர்த் தறிக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றும் சொன்னாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒழுங்காகத் தேடு என்று கடிந்து, மதிப்பெண்ணையும் குறைத்தேன்.

நாலு நாள் கழித்து ஆக்னஸ் மேடம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். மற்றவர்கள் வெளியே போகும்வரை காத்திருந்தார்.

"ஏனுங்க சார், அந்த அறிக்கையை நீங்க கண்ணுல பாத்தீங்களா? அந்தப் புள்ளை தேடாத இடமில்லீங்க. நானும் தேடிப்போட்டேன்."

பார்க்காமலா போடுவேன் என்று விறைத்துக்கொண்டேன். சனிக்கிழமை உட்கார்ந்து தேடினால், நான் அதை யாரோ ஒருவர் கட்டுரையிலிருந்து எடுத்திருக்கிறேன். அவர் இன்னொருவரிடமிருந்து எடுத்திருந்தார். அந்த இன்னொருவர் எங்கிருந்து எடுத்தார் என்பதற்குத் தடயமே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. திங்கட்கிழமை நூலகத்துக்குப் போய் ஒப்புக்கொண்டேன். மதிப்பெண்ணைச் சத்தமில்லாமல் திருத்திவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"மார்க்கை மட்டும் மாத்துனா, தனக்குத் தேடத் தெரியலைன்னே அந்தப் புள்ளை நெனச்சுக்குமுங்க. கிளாஸ்ல சொல்லிப்போடுங்க சார். நானும் கூட வாரேன்."

வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். போர்டில் அந்த அறிக்கையின் பெயரை எழுதி, பக்கத்திலேயே 'நேரில் பார்க்கவில்லை' என்று எழுதினேன். கவிதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் எழுந்து நின்றுகொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் ஆக்னஸ் மேடத்தைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அந்த வாராந்திர வகுப்பை நாங்கள் சேர்ந்துதான் நடத்தினோம். மற்ற துறைக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டீர்கள். விதி ஒன்றுதான். காட்டுகிற ஒவ்வொரு ஆதாரத்துக்கும் பக்கத்தில் நேரில் பார்த்தேன் அல்லது பார்க்கவில்லை என்று எழுத வேண்டும். "பாக்கலைன்னு எழுதறது தப்பில்லை கண்ணு, பாக்காம பாத்தேங்கறதுதான் தப்பு" என்று அவர் சொல்லாத வாரம் கிடையாது.

கடைசி மாதம் அவர் மருத்துவமனையில் இருந்தார். விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்ததும் வருகிறேன் என்று ஃபோனில் சொன்னேன். மெதுவாக வாருங்கள், நான் எங்கே போய்விடப் போகிறேன் என்று சிரித்தார். விடைத்தாள்கள் முடிந்தன. அதற்குப் பிறகும் ஏதோ ஒரு வேலை வந்தது. நான் போகவே இல்லை.

இரங்கல் கூட்டத்தில் படிப்பதற்காக இதை எழுதச் சொன்னீர்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பழக்கம்தான். கடைசி நாட்களில் வலியில்லாமல், முகம் கோணாமல் இருந்தார் என்று போய்ப் பார்த்தவர்கள் சொல்கிறீர்கள். இருந்திருப்பார். அந்த வரிக்குப் பக்கத்தில் என் கையால் எழுதுகிறேன்: நேரில் பார்க்கவில்லை.