அக்காவின் வெள்ளை அறை

அக்கா! என்ரை அக்கா! நீ மூன்று கிழமை மினக்கெட்டுப் பூசிய சுவரை நான் என் கையாலேயே நாசமாக்கினேன். என்னோடு கோபிக்காதே. ஏன் செய்தேன் என்று இதை வாசிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருக்கலாம். நடந்ததில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் நானும் அக்காவும் வாடகைக்கு இருந்தோம். அம்மா மன்னாரில். சண்டையால் பாதை பூட்டு. அக்காவுக்குக் காலி வீதியில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை. வெளிநாட்டுக்குக் கதைக்க வருகிறவர்களுக்கு நம்பர் அடித்துக் கொடுப்பாள். நோர்வேயில் இருந்து லீவில் வந்த ஒருத்தி, வீட்டுச் சாமான் புத்தகம் ஒன்றை அங்கே விட்டுவிட்டுப் போனாள். அன்று பிடித்தது அக்காவுக்குப் பைத்தியம்.

புத்தகம் முழுக்க வெள்ளைச் சுவர். வெளிறிய பலகையில் ஒரு மேசை. போத்தலில் ஒரே ஒரு கொப்பு.

"ஸ்கண்டிநேவியன் ஸ்டைலாம். கொஞ்சச் சாமான், நிறைய வெளிச்சம்."

"எங்களிட்டையும் கொஞ்சச் சாமான்தானே. அப்ப நாங்கள் எப்பவோ ஸ்கண்டிநேவியன்."

"வாயை மூடிக்கொண்டு அந்த மூலையைப் பூசடி, மூதேவி."

அவளுக்கு முட்டு வருத்தம். மூச்சு இழுக்கும். பெயின்ட் மணம் ஒத்துவராது என்று வாயில் சீலைத்துண்டு கட்டிக்கொண்டு பூசினாள். புறக்கோட்டையில் அப்பிள் பெட்டிகள் வாங்கி, உரஞ்சி, சாமான் வைக்கச் சுவரில் தட்டு அடித்தாள். கலண்டர்களைக் கழற்றினாள். ஒரு சின்னச் சிலுவை மட்டும் சுவரில். வீட்டுக்கார அன்ரி தந்திருந்த ஓட்டை அலுமாரியையும் பிளாஸ்டிக் பூவையும் கீழே கொண்டுபோய்க் கொடுத்தோம். அன்ரிக்கு முகம் கறுத்தது.

"என்ன பிள்ளையள், அறையை ஆஸ்பத்திரி வார்ட் மாதிரி ஆக்கி வச்சிருக்கிறியள்? பாக்கிற ஆக்கள் நீங்கள் ஓடப் போறியள் எண்டெல்லோ நினைப்பினம்!"

நாங்கள் சிரித்தோம். அதுதான் எங்கள் பிழை. அந்த நாட்களில் வெள்ளவத்தையில் தமிழர் வீட்டில் சாமான் இல்லையென்றால் அது ஸ்டைல் இல்லை. நேற்று வடக்கில் இருந்து வந்தவர்கள், இல்லாவிட்டால் நாளைக்கு ஓடப் போகிறவர்கள் என்றுதான் அர்த்தம். அதனால்தான் மற்றவர்கள் உடைந்த கதிரையைக்கூட எறியாமல் வைத்திருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை பொலிஸ் வந்தது. நேரே எங்கள் அறைக்கு.

"படு கோ?" என்றான் ஒருவன். சாமான் எங்கே என்று கேட்கிறான். பொலிசில் பதிந்த துண்டைக் காட்டினோம். அதில் எங்கள் இரண்டு பேரின் பெயரும் இருந்தது. அக்கா அவசரத்தில் அந்தப் புத்தகத்தையும் எடுத்துக் காட்டி, இது மாதிரித்தான் செய்தோம் என்று சிங்களத்தில் சொன்னாள். பனி மூடிய வீட்டுப் படத்தைப் பார்த்ததும், "அப்ப வெளிநாட்டுக்குப் போகத்தான் ரெடியாகுறீங்க" என்றான். அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மூச்சு முட்டினால் அக்கா வாயில் வைத்து இழுக்கிற பம்ப், எங்கள் அறையிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பொலிஸ் வாசலில் நின்றவன் உள்ளே விடவில்லை. பம்ப்பையும் வாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவளை வெளியே விட்டார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அக்கா செத்துப்போனாள். அவளுக்கு இருபத்து நாலு வயது.

செத்தவீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அன்ரி சொன்னாள்: "நான்தான் பொலிசுக்குச் சொன்னனான், அறையில சாமான் ஒண்டும் இல்லையெண்டு. எனக்கும் பயம்தானே பிள்ளை. நாளைக்கு ஏதும் நடந்தா என்னையெல்லோ பிடிப்பினம்." ஏதோ பால்காரனிடம் கணக்கு நிற்பாட்டியது மாதிரிச் சொன்னாள். வாயைத் திறந்திருந்தால் அவளைக் கடித்திருப்பேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அடுத்த நாள், கனடாவில் இருந்து வந்த ஒரு புருஷன் பெண்சாதிக்கு அறையைக் காட்ட, அன்ரி அவர்களை மேலே கூட்டிக்கொண்டு வந்தாள். நான் அறையை விட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போக உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

"பாருங்கோ, ஃபொரின் ஸ்டைல். நான்தான் செய்விச்சனான்."

அந்தப் பெண் தட்டைத் தடவிப் பார்த்து, "சரியான வடிவு அன்ரி" என்றாள்.

என்னால் முடியவில்லை. "செய்தது என்ரை அக்கா. அறையில சாமான் இல்லையெண்டு இந்த மனுசிதான் பொலிசுக்குச் சொன்னவ. அக்கா இப்ப பொரளையில மண்ணுக்குள்ள."

"வாயைப் பொத்தடி!" என்றாள் அன்ரி. அந்தப் பெண் கையை எடுத்துவிட்டாள். இரண்டு பேரும் படி இறங்கிப் போனார்கள். அன்ரி பின்னாலேயே ஓடினாள், "அது விசர்ப் பிள்ளை தங்கச்சி" என்று கத்திக்கொண்டு.

அவர்கள் போனால் வேறு ஆட்கள் வருவார்கள். அக்காவின் அறையைக் காட்டி அன்ரி பெருமை அடிப்பாள். அது நடக்கக் கூடாது. அன்ரி நிலத்துக்குப் பூசும் சிவப்பு மெழுகு பொலிஷ் ரின் படிக்குக் கீழே இருந்தது. எடுத்துவந்து கதவைப் பூட்டினேன். பழந்துணியால் நாலு சுவரிலும் தேய்த்தேன். அக்கா பூசிய ஒவ்வொரு இடத்திலும். அழுதுகொண்டு தேய்த்தேன், ஆனால் கை நிற்கவில்லை. மெழுகு பிடித்த சுவரில் வெள்ளை லேசில் நிற்காது. பூசப் பூசச் சிவப்பு வெளியே வரும். தட்டுகளை மிதித்து உடைத்தேன். அன்ரி கதவில் அடித்து அடித்துக் கத்தியதுதான் அந்த மாதம் நான் கேட்ட ஒரே நல்ல சத்தம்.

செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய் என்று கோயில் சுவாமியார் சொல்கிறார். செய்ததை நினைத்து மனஸ்தாபப்பட்டு வருந்தாமல் எப்படிச் செய்வது? அந்த மனுசியை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. எனக்காக ஒருவரும் மன்றாட வேண்டாம்.

அக்காவுக்காக மட்டும் மன்றாடுங்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் பரவாயில்லை. இதை வாசிக்கிற எல்லாரும், அவள் இனி மூச்சு முட்டாமல் இருக்க வேண்டும் என்று ஒரு தரம் கேளுங்கள்.