என் தேர்வில் பேசிய இரண்டாவது குரல்

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்து, டப்பாவின் அடியில் கிடந்த முறுக்கு நமத்துப்போயிருந்த சமயம். கிள்ளானில் பண்டமாரான் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் ஒரு கணம் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

முதலில் என் கணவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் லோரி ஓட்டியவர். வாய் ஓயாத மனிதர். சிக்னலில் நின்றால் பக்கத்து லோரிக்காரரிடம் குடும்பக் கதையே கேட்டுவிட்டு வருவார். அந்தத் தீபாவளிக்கு முந்தைய ஆண்டில் ஒருநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், கூடவே பேச்சும் போயிற்று. நாம் சொல்வது அவருக்குப் புரியும், தலையாட்டுவார். ஆனால் வாயைத் திறந்தால் "ப... ப..." என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. வராத கோபத்தில் இடது கையால் கட்டிலை அடிப்பார். நாளடைவில் முயற்சி செய்வதையே விட்டுவிட்டார். வீட்டில் ஒரு மனிதக் குரலாவது கேட்டுக்கொண்டிருக்கட்டுமே என்று நான் விடிந்ததும் டிவியைப் போட்டுவிடுவேன். இரவு படுக்கும்வரை அது கத்திக்கொண்டே இருக்கும்.

மகள் ஜோகூரில் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். இனி நான்தான் சம்பாதிக்க வேண்டும் என்ற நிலை. கல்யாணத்துக்கு முன் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க்காக இருந்த பழைய அனுபவத்தை நம்பி விண்ணப்பங்கள் போட்டேன். சுபாங் ஜெயாவில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கிலிருந்து பதில் வந்தது. எந்த லோரியில் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று திட்டம் போடும் வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே செய்யலாமாம். எனக்கு அது போதும். அவரை வாரம் முழுக்க யாரிடமும் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் நேர்காணலுக்கு முன் ஒரு தேர்வு உண்டு, கணினியில். புதிர்க் கணக்குகள், அட்டவணைகள், அடுத்த எண் என்ன என்ற கேள்விகள். கால்குலேட்டர் கூடாது. ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் ஒரு கடிகாரம் குறைந்துகொண்டே வரும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் மாலை கட்டும் கடைக்கு மேல்மாடியில், வேலை தேடுகிறவர்களுக்கு இந்தத் தேர்வுக்காகவே சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டேன். பக்கத்து வீட்டு அக்காவை அவரோடு உட்காரவைத்துவிட்டு ரயிலேறிப் போனேன். போய்ப் பார்த்தால் அத்தனை பேரும் படிப்பு முடித்த பிள்ளைகள். எல்லாருக்கும் நான் ஆன்டி. சொல்லித்தந்த பெண்ணுக்கே என் மகளைவிட கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். அவர்கள் ஒரு கணக்கை முடித்துவிட்டுப் போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். நான் அப்போதுதான் கேள்வியைப் படித்து முடித்திருப்பேன்.

ஆனால் பெருக்கல் என்று வந்துவிட்டால் என்னை யாராலும் முந்த முடியாது. நானும் என் கணவரும் கேரி தீவில் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். அங்கே வாய்ப்பாடு சொல்வதற்கு ஒரு முறை இருந்தது. ஆசிரியர் "ஏழெட்டு" என்று பாதியைச் சொல்லி நிறுத்துவார். வகுப்பு மொத்தமும் "அம்பத்தாறு" என்று மீதியைக் கத்தும். அது அப்படியே ஊறிப்போய்விட்டது. இன்றைக்கும் எனக்கு முதல் பாதியை வாய்விட்டுச் சொன்னால்தான் இரண்டாவது பாதி வரும். வாயை மூடிக்கொண்டால் கணக்கும் மூடிக்கொள்ளும்.

இதைக் கவனித்துவிட்டு, சொல்லித்தந்த அந்தப் பெண் சிரித்தாள்.

"ஆன்டி, மனசுக்குள்ள சொல்லுங்க. நீங்க வாயத் தொறந்தா, வேற யார்கிட்டயோ பேசுறீங்கன்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்கும். டெஸ்ட்ட அப்படியே நிப்பாட்டிடும் லா."

எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை. கடைசியில் அவளே ஒரு வைத்தியம் சொன்னாள். உப்பும் புளிப்புமாகக் காய்ந்த பழம் விற்குமே, 'ஆசாம் போய்' என்பார்களே, அதில் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள். வாய்க்கு வேலை கொடுத்துவிட்டால் முணுமுணுப்பு அடங்கிவிடும் என்றாள். அடங்கியது. அதோடு வாரம் முழுக்க வீட்டில், டிவி சத்தத்துக்கு நடுவே, சமையலறை மேசையில் பழகிப் பழகி நாக்கே தடித்துப்போனது.

தேர்வு வீட்டில் இருந்தபடிதான். விதிமுறைகளோ ஏகப்பட்டவை. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, வேறு குரல் கேட்கக் கூடாது, மடிக்கணினியின் கேமரா போதாதென்று கைப்பேசியையும் எனக்குப் பின்னால் வைத்துக் கதவு தெரியும்படி படம் பிடிக்க வேண்டும். எங்கள் ஹாலைப் பிளைவுட் பலகையால் தடுத்து ஒரு பக்கம் அவருடைய கட்டிலும் மறுபக்கம் என் மேசையும் போட்டிருந்தோம். அந்தப் பலகையில் அடித்திருந்த ஸ்டாண்டில் கைப்பேசியை நிறுத்தினேன். மேசை விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். பிறகு அவரிடம் போய், "இன்னிக்கு மட்டும் கொஞ்ச நேரம் டிவி வேணாங்க. பேசாம படுத்திருங்க, என்னா?" என்றேன். பேச முடியாத மனிதரிடம் இப்படிச் சொல்கிறோமே என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் தலையாட்டினார்.

தேர்வு நன்றாகத்தான் போனது. பெட்டிகளை அடுக்கும் கணக்குகள் வந்தன, எனக்கு அல்வா மாதிரி. பாதிக்கு மேல் ஆசாம் போய் கரைந்து கொட்டைதான் மிச்சம். புரை ஏறிவிடுமோ என்று பயந்து கொட்டையைத் துப்பினேன். இன்னொன்றை எடுக்கக் கடிகாரம் விடவில்லை. அவ்வளவுதான், பழைய பழக்கம் திரும்பிவிட்டது. நான் முணுமுணுக்கிறேன் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. திடீரென்று திரை சிவப்பாக மாறியது. தேர்வு நிறுத்தப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. நான் சுட்டியை அழுத்து அழுத்து என்று அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

என் வாயால் நானே கெடுத்துக்கொண்டேன் என்றுதான் இரண்டு நாள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வந்த மின்னஞ்சலைப் படித்ததும் தலை சுற்றியது. நான் முணுமுணுத்தது பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஓர் ஆண் குரல் எனக்குத் தொடர்ந்து விடை சொல்லிக்கொடுத்தது பதிவாகியிருக்கிறது, விளக்கம் ஏதாவது இருந்தால் நேரில் வந்து சொல்லலாம் என்று இருந்தது.

ஆண் குரலா? எந்த ஆண்? டிவி அணைந்திருந்தது. பக்கத்து வீட்டில் அன்று ஆளே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், மேசைக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தேன். பிறகு பயம் போய் ஆத்திரம் வந்தது. ஏழைப்பட்டவள் என்றால் திருடி என்றே முடிவு கட்டிவிடுவார்களா! ஒரு கை பார்த்துவிடுவது என்று சுபாங் ஜெயாவுக்குக் கிளம்பினேன்.

அங்கே ஒரு மலாய் அதிகாரி அம்மாவும், தமிழ் புரியவேண்டும் என்பதற்காக அழைத்திருந்த ஒரு தமிழ்த் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தம்பி தமிழ்ப்பள்ளிக்குப் போகாமல், மலாயில் பாடம் நடக்கும் தேசியப் பள்ளியில் படித்தவராம். என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால், "அக்கா, நான் தெளிவா கேட்டேன். நீங்க கேள்வி கேக்குறீங்க, ஒருத்தரு பதில் சொல்றாரு," என்றார். அதிகாரி அம்மா பதிவை ஓடவிட்டார். கைப்பேசி பிடித்த படம் அது. திரையில் என் முதுகு தெரிந்தது.

"ஏழெட்டு..." என்று என் குரல் தூரத்தில் கேட்டது.

"அம்பத்தாறு," என்றது ஒரு குரல். கரகரவென்று, தேய்ந்துபோய், ஆனால் கைப்பேசிக்கு மிகப் பக்கத்தில்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்த சத்தம் எனக்கு வேறெங்கோ கேட்டது போல் இருந்தது. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. "எட்டொம்போது..." "எழுவத்திரெண்டு." "ஆறொம்போது..." "அம்பத்திநாலு." நான் பாதி சொல்ல, அந்தக் குரல் மீதியைச் சொன்னது. ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அந்தக் குரலோடு நான் பாதி ஆயுள் வாழ்ந்திருக்கிறேன். அது செத்துப்போய்விட்டது என்று நினைத்து அழுதும் முடித்திருந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் படுத்தபடி அவர் பேசியிருக்கிறார். விசிறிக்குப் பக்கத்தில் கடிகாரத்தையே வெறித்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

"மறுபடியும் போடுங்க," என்றேன். தமிழில்தான் சொன்னேன், அந்த அம்மா புரிந்துகொண்டு போட்டார். பிறகு "புவான், சியாப்பா டியா?" என்று மலாயில் கேட்டார், யார் இவர் என்று. என் வீட்டுக்காரர் என்றேன்.

தம்பி முன்னால் சாய்ந்தார். "அப்ப அவருதான் விடை சொல்லிக் குடுத்தாருன்னு ஒத்துக்கிறீங்களாக்கா?"

"தம்பி, அவரால பேச முடிஞ்சிருந்தா நான் எதுக்குப்பா இங்க வந்து நிக்கப்போறேன்?"

அதற்கு மேல் முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன். அழுகைக்கு நடுவே பையிலிருந்த அவருடைய மருத்துவமனை அட்டையைக் காட்டினேன். ஆசிரியர் பாதி சொன்னால் பிள்ளைகள் மீதி சொல்லும் எங்கள் பள்ளிப் பழக்கத்தையும் சொன்னேன். தம்பி அதை மலாயில் எடுத்துச் சொல்லச் சொல்ல அவருடைய குரலே உடைந்தது. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பதிவை எனக்குக் கொடுக்க விதி இடம் தராது என்று சொல்லிவிட்டு, எத்தனை முறை வேண்டுமானாலும் இங்கேயே கேளுங்கள் என்று கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

வீட்டுக்கு ஓடினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏழெட்டு? சொல்லுங்க. ஏழெட்டு?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். உதடு நடுங்கியது. "ப... ப..." முகம் சிவந்து, கை கட்டிலை அடித்தது. எனக்கு உள்ளே எல்லாம் இடிந்துபோனது. கேட்டதெல்லாம் பொய்யா?

என்ன தோன்றியதோ, எழுந்து டிவியை அணைத்தேன். பலகைக்கு இந்தப் பக்கம் வந்து மேசையில் உட்கார்ந்தேன். அவரிடம் சொல்லவில்லை, சும்மா சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"ஏழெட்டு..."

மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்கினேன். பிறகு பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. "அம்பத்தாறு."

மகளுக்குப் போன் போட்டுப் பலகை ஓரமாகப் பிடித்தேன். அப்பாவின் பழைய வீடியோவையா போடுகிறாய் என்று கேட்டாள். இன்னொரு முறை கேட்டதும் "அப்பா!" என்று கத்திவிட்டாள்.

பாட்டு, பிரார்த்தனை, வாய்ப்பாடு மாதிரி சின்ன வயதில் ஊறிப்போனவை, யோசித்துப் பேச முடியாத சிலருக்கும் தானாக வாயில் வந்துவிடும் என்று பின்னர் பேச்சுப் பயிற்சி தரும் பெண் விளக்கினார். எதிரில் நின்று கேட்டால் அது பரீட்சை ஆகிவிடும், வார்த்தை சிக்கிக்கொள்ளும், அதனால் கேட்காமல் பாதியை மட்டும் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள் என்றார். கிடங்குக்காரர்கள் அவர்களுடைய ஆபீசிலேயே எனக்கு மறுதேர்வு வைத்தார்கள். விடை சொல்ல ஆளில்லாத அந்த அறையில், வாயில் ஆசாம் போயை அடக்கிக்கொண்டு எழுதித் தேறினேன். அந்த வேலையில்தான் இப்போது இருக்கிறேன்.

தினமும் சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, அவருக்கு முதுகைக் காட்டியபடி வாய்ப்பாடு சொல்வேன். டிவி அணைந்திருக்கும். போன மாதம் ஒருநாள் ஏழாம் வாய்ப்பாட்டை முடித்து எட்டையும் முடித்து, உற்சாகத்தில் மறுபடி "ஏழெட்டு..." என்று தொடங்கினேன். பதில் வரவில்லை. பயந்துபோய்த் திரும்பப் போனேன்.

"போதும் லா," என்றார் அவர்.

எந்த ஆசிரியரும் சொல்லித்தராத, எந்த வாய்ப்பாட்டிலும் இல்லாத, முழுக்க முழுக்க அவருடைய சலிப்பு அது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு நான் சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை. அன்றிலிருந்து, யாராவது மௌனமாக இருந்தால் அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. முதலில் வீட்டில் இருக்கும் சத்தத்தை நிறுத்திவிட்டு, ஒரு பாதியை மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன்.