ரிலீஸ் என்றொரு வினைச்சொல்

நண்டு வலையின் நைலோன் நூல் ஈரமாயிருக்கும்போது விரலை அறுக்கும். அந்த வெட்டில் உப்புத்தண்ணீர் பட்டு எரிந்த எரிவுதான் ஆங்கிலம் என்றவுடன் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது. மன்னார்த் தீவில் எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பா கொண்டுவந்து போடும் வலையை விரித்துவைத்து, நானும் அண்ணனும் சிக்கிய நண்டுகளை எடுப்போம். அண்ணன் கத்தோலிக்கக் குருவாகப் படிக்கக் குருமடத்துக்குப் போய்ப் பாதியில் திரும்பி வந்தவன். கோயிலுக்குக் கொடுத்த பிள்ளை வந்துவிட்டதே என்று அம்மாவுக்கு மனத்தாங்கல். எனக்கோ கொண்டாட்டம், ஏனென்றால் அவன் அங்கிருந்து கொஞ்சம் லத்தீனையும் கொண்டுவந்திருந்தான்; ஆங்கிலச் சொற்களை நண்டு உடைப்பதுபோல உடைத்து உள்ளே இருப்பதைக் காட்டுவான்.

ஒருநாள் நான் அவசரப்பட்டு இழுத்து ஒரு நண்டின் காலை முறித்துவிட்டேன். "இழுக்காதை மொக்கு. நூலைத் தளர்த்து, அது தானா வரும்," என்றான். இதற்குத்தான் வெள்ளைக்காரன் "ரிலீஸ்" என்கிறான் என்று தொடங்கியும்விட்டான்: லத்தீனில் "லக்ஸுஸ்" என்றால் தளர்ந்தது, "ரெலக்ஸாரே" என்றால் திரும்பவும் தளர்த்துவது, அது பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்து ஆங்கிலத்துக்கு வந்ததாம், "ரிலாக்ஸ்" அதன் கூடப்பிறந்ததாம். கால் முறிந்த நண்டை வியாபாரி எடுக்கமாட்டான் என்பதால் அன்று நாங்களே கறிவைத்துத் தின்றோம்.

பிறகொரு நாள் அண்ணன் பெருநிலத்தில் இருக்கும் அடம்பனுக்கு பஸ் ஏறினான். யுத்தம் நடந்த அக்காலத்தில் பாலத்தடியில் எல்லாரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத்தான் தீவை விட்டுப் போகலாம். அவனை ஆமிக்காரர் மறித்து வைத்துக்கொண்டார்கள். அம்மாவும் நானும் முகாம் வாசலில் போய்ப் போய் நின்றோம். கடைசியில் ஒருவர் வெளியே வந்து, அவரை ரிலீஸ் பண்ணியாச்சு, வீட்டுக்குப் போங்கோ என்றார். அம்மா என் கையைப் பிடித்து ஓடாத குறையாக வந்து நண்டுக் கறி வைத்தாள். கறி பழுதாகும்வரை அடுப்படியில் இருந்தது. அண்ணன் வரவில்லை.

நான் அழவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. அண்ணனின் அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். கட்டை அவிழ்த்தல், பிடியை விடுதல், கடமையிலிருந்து விடுவித்தல், செய்தியை வெளியிடுதல் என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து சேர்தல் என்று எங்கும் இல்லை. தளர்த்துவதோடு அந்தச் சொல்லின் வேலை முடிந்துவிடுகிறது. அதன்பிறகு ஆள் எங்கே போனான் என்பது அதன் பொறுப்பல்ல. இதை அம்மாவுக்கு நான் சொல்லவில்லை.

அம்மா அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். மரித்தவர்களுக்கான பூசையில் அண்ணனின் பெயரைச் சேர்க்கலாமே என்று யாராவது வாயெடுத்தால் போதும், "விசர்க்கதை கதையாதேங்கோ. பிள்ளையை ரிலீஸ் பண்ணினதெண்டு சொன்னவங்கள்," என்பாள். அப்பா காலமான பிறகு, கல்லறைத் திருநாளில் அவருக்கு மட்டும் மெழுகுதிரி கொளுத்துவாள்.

இப்போது பாலத்தடியில் பஸ் நிற்பதில்லை. பள்ளிக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போகும் நான், பாலம் வரும்போது அடையாள அட்டையைக் கையில் எடுத்து, பிறகு உள்ளே வைக்கிறேன். வலை இல்லை, முற்றத்துக்குச் சீமெந்து போட்டாயிற்று. சென்ற மாதம் அம்மாவும் போய்விட்டாள். அவளுடைய முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பெயர் கொடுக்கப் போனபோது, கோயில் வேலைகளைப் பார்க்கும் "சங்கிலித்தாம்" ஐயா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணன்ரை பேரையும் சேர்க்கட்டோ, பிள்ளை? இனி மறிக்க ஆளில்லைத்தானே."

அந்தச் சொல்லின் வேர்வரை தெரிந்தவள் நான். "வேண்டாம் ஐயா. அண்ணனை ரிலீஸ் பண்ணினதெண்டு சொன்னவங்கள்," என்றேன்.

பூசையில் அம்மாவின் பெயரை மட்டும் வாசித்தார்கள்.