மலைக்கு நாள் பார்த்த கதை

இரண்டு மாதம் முன்பு, எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாடிப்படியில் என் மனைவி மாலதியை மடக்கிவிட்டார். அவள் முதுகில் பெரிய பை. பைக்குள் பொன்னி அரிசி மூட்டை.

"இன்னாம்மா, லிஃப்டு ரிப்பேரா? குடு, நான் தூக்கினு வரேன்."

"வேண்டாம்ப்பா. நான்தான் தூக்கணும்."

பின்னால் வெறுங்கையோடு வந்த என்னை வாட்ச்மேன் பார்த்த பார்வை இருக்கிறதே... அவருக்கு எப்படி விளக்குவது, இது இமயமலைக்கு ஒத்திகை என்று?

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்கு மாலதியின் பிடிவாதம் தெரியும். பனியில் தன் காலால் நடக்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. காரில் போய் இறங்கி செல்ஃபி எடுக்கும் பனி இல்லை. நாள்கணக்கில் மலைப்பாதையில் நடந்து, டென்ட்டில் தூங்கி, ஒரு கணவாயைத் தாண்ட வேண்டும். முட்டி டாக்டரோ எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார்: "ஒரு வருஷத்துக்குள்ள போய்ட்டு வந்துடுங்க. அதுக்கப்புறம் நான் கேரண்டி இல்லை."

உடனே என்ன செய்வோம்? மயிலாப்பூர்க்காரர்கள் செய்வதைத்தான் செய்தோம். கமிட்டி போட்டோம்.

போவதாக இருந்த நாலு பேர்: நான், மாலதி, பார்க்கில் அவளோடு நடக்கும் சாந்தோம் ஸ்டெல்லா டீச்சர், மாடி வீட்டு பஞ்சு. பஞ்சு வங்கியில் இருந்து ரிடையர் ஆனவர். மடியில் காலண்டரை வைத்துக்கொண்டு தலைமை தாங்கினார்.

"முதல்ல ஆடி முடியட்டும்" என்றார்.

அது முடிந்தால் ஆவணி, அவர் அண்ணா பேத்திக்குக் கல்யாணம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அவர் பெருமாளை விட்டு நகர மாட்டார். நவராத்திரிக்கு எங்கள் வீட்டில் கொலு. தீபாவளிக்கு ஊரில் இல்லாமல் இருப்பதா? கார்த்திகையில் மழை — தரைத்தளத்தில் தண்ணீர் ஏறினால் என் ஸ்கூட்டரை யார் நகர்த்துவது? மார்கழிப் பேச்சையே எடுக்கக் கூடாது. நான் சபாவுக்கு சீசன் டிக்கெட் வாங்குகிற ஆள். தையில் பஞ்சுவின் பையன் அமெரிக்காவில் இருந்து வருகிறான். பங்குனியில் அறுபத்துமூவர். அன்றைக்கு மாடவீதியில் இல்லாவிட்டால் என்ன மயிலாப்பூர்க்காரன்? சித்திரை, வைகாசி, ஆனி முழுக்க முகூர்த்தம்.

மிஞ்சியது மாசி.

"பிப்ரவரி கடைசி வாரம். யாராத்துலயும் விசேஷம் இல்லை" என்றார் பஞ்சு வெற்றிக் களிப்புடன். "டீச்சர், உங்களுக்குத் தவக்காலம் வந்துடுமே?"

"கஷ்டப்படறதுக்குத்தானே சார் தவக்காலம். எனக்கு ஓகே."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. டேராடூனில் ட்ரெக்கிங் ஏற்பாடு செய்பவருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிப்ரவரியில் கணவாயே பனியில் புதைந்திருக்கும், ஆடுகள்கூட கீழே இறங்கிவிடும் என்றார். அக்டோபர் ஆரம்பம்தான் சரி, அதிலும் கொஞ்சம் இடம்தான் பாக்கி என்றார்.

அக்டோபர் ஆரம்பம்... அதாவது நவராத்திரி.

"அப்ப அடுத்த வருஷம் அக்டோபர்னு வெச்சுப்போம். இமயமலை எங்க ஓடிப் போறது?" என்று பஞ்சு காலண்டரை மூடினார். நானும் தலையாட்டினேன். மாலதியின் முட்டி யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அவள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இந்த அக்டோபருக்கு இரண்டு பெண்கள் என்று ஹிந்தியில் சொன்னாள். ஸ்டெல்லா டீச்சர் கைப்பையில் கார்டைத் தேட ஆரம்பித்தார்.

"கொலு?" என்றேன்.

"பொம்மையெல்லாம் பரண்ல இருக்கு. நீங்க வெச்சுடுங்கோ."

வைத்தேன். படி கோணல். சுண்டலில் உப்பு இல்லை என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நேற்று சாயங்காலம் ஹாலில் எதிர் வீட்டு மாமி பாடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"கணவாயைத் தாண்டியாச்சு." மாலதிக்கு மூச்சு வாங்கியது.

"முட்டி?"

"வலிக்கறது. வலிக்கட்டும். இருங்கோ, இதைக் கேளுங்கோ."

போனைக் கீழே பிடித்தபடி நடந்தாள் போலிருக்கிறது. சரக்... சரக்... காலடியில் பனி நொறுங்கும் சத்தம்.

நானும் அங்கே இருந்திருக்கலாம்.

பாட்டு முடிந்து, எதிர் வீட்டு மாமி சுற்றும்முற்றும் பார்த்தாள். "மாலதியைக் காணோமே, எங்க?"

"வாக்கிங் போயிருக்கா" என்றேன்.